முதல் பாதி

அந்தத் தெருவில் எந்த வீட்டில் செபமாலை என்றாலும் முதலில் எழுகிற கேள்வி, "அக்கா வந்தாச்சா?" என்பதுதான். அக்கா வராமல் யாரும் சிலுவை அடையாளம்கூடப் போட மாட்டார்கள். செபமாலை அக்கா என்றே அவளுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் கோயில் பதிவேட்டில் எங்கேயோ தூங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் மாதா சுரூபம் வாரம் ஒரு வீட்டில் தங்கும். அது அடுத்து யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்வது அக்கா. அந்த வீட்டில் செபத்தை நடத்துவதும் அக்கா. பங்குச் சாமியாரே இந்த விஷயத்தில் வாயைத் திறப்பதில்லை.

செபமாலையில் ஒவ்வொரு மன்றாட்டுக்கும் இரண்டு பாதி உண்டு. நடத்துகிறவர் முதல் பாதியைச் சொல்வார். மற்றவர்கள் ஒன்றுசேர்ந்து மறுபாதியைச் சொல்லி முடிப்பார்கள். பத்து மணி உருட்டினால் ஒரு பத்துமணி; மொத்தம் ஐந்து பத்துமணி. மற்ற தெருக்களில் ஆளுக்கு ஒரு பத்துமணி என்று பங்கு போட்டுக்கொள்வார்கள். இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. எதிர்வீட்டுத் தையல்காரி ஒருமுறை ஆசையாக, "அக்கா, மூணாவது பத்து நான் சொல்லட்டா?" என்று கேட்டுப் பார்த்தாள். அக்கா பார்த்த பார்வையில் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "அஞ்சையும் அவளே முழுங்கிடறா, நமக்குப் பருக்கைகூட மிஞ்ச விடறதில்ல" என்று அவள் பிறகு பல நாள் புலம்பினாள்.

அக்காவுக்குப் பக்தி தலைக்கேறிவிட்டது என்று தெரு நினைத்தது. நினைத்துவிட்டுப் போகட்டும். உண்மை வேறு. பரலோக மந்திரத்தின் மறுபாதியில் ஒரு வரி இருக்கிறது. எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பது போல எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும் என்கிற வரி. முதல் பாதியை மட்டும் சொல்கிறவள் அந்த வரியைத் தொட வேண்டியதே இல்லை. தலைமை தாங்கி நிற்பதில் இப்படி ஒரு வசதி இருப்பதை அந்த ஊரில் கண்டுபிடித்தவள் அவள் ஒருத்திதான். பன்னிரண்டு வருஷமாக அந்த வசதிக்குள் ஒளிந்துகொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில்தான் சங்கடம். அங்கே எல்லோரும் முழு மந்திரத்தையும் சேர்ந்து சொல்வார்கள். சரியாக அந்த வரி வரும்போது அக்காவின் கையிலிருந்து செபமாலை நழுவிக் கீழே விழும். அவள் குனிந்து தேடி எடுத்து நிமிர்வதற்குள் வரி கடந்து போயிருக்கும். "இத்தனை வருஷமா மணியை உருட்டறா, இன்னும் பிடிக்கத் தெரியலயே" என்று தையல்காரி பக்கத்திலிருப்பவளின் விலாவில் இடிப்பாள்.

பாவசங்கீர்த்தனத்துக்கும் அவள் போவாள். கோபப்பட்டேன், புறம் பேசினேன் என்று சில்லறைப் பாவங்களாக எடுத்து வைப்பாள். சாமியார் கேட்டுவிட்டு, அபராதமாக ஒரு பரலோக மந்திரம் சொல்லச் சொல்வார். உலகத்திலேயே எளிய அபராதம். குழந்தைகள் பீடத்திலிருந்து வாசலுக்கு ஓடுகிற நேரத்தில் முடித்துவிடும். அவள் மண்டியிட்டு, அன்றாட உணவைக் கேட்கிற இடம்வரை வந்து நின்றுவிடுவாள். அதற்குமேல் நாக்கு நகராது. அபராதத்தை முடிக்காதவளுக்கு மன்னிப்பு ஏது, மன்னிப்பு இல்லாதவளுக்கு நற்கருணை அப்பமாகிய நன்மையை வாங்கத் தகுதி ஏது என்று அவளே தனக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டாள். எல்லோரும் வரிசையில் நன்மை வாங்கப் போகும்போது அவள் தூணோரம் தலைகுனிந்து நிற்பாள். என்ன தாழ்ச்சி பாருங்கள் என்று ஊர் அதையும் மெச்சியது. நரகம் என்று ஒன்று இருந்தால் அதற்கு வெளியே இப்படித்தான் மெச்சுகிறவர்கள் நின்றுகொண்டிருப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றும்.

அவள் பொறுக்க முடியாத ஆள் யாரோ மூன்றாம் மனிதன் என்றால் கதை சுலபமாக முடிந்திருக்கும். அவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி.

அம்மா போனபோது அவளுக்குப் பாவாடை கட்டுகிற வயது, அவனுக்குத் தவழ்கிற வயது. அப்பா வேலை தேடிப் போன இடத்தையே ஊராக்கிக்கொண்டவர். ஊட்டியது, துடைத்தது, தூங்க வைத்தது எல்லாம் அவள்தான். எங்கே போனாலும் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டே வருவான் என்பதால் வாலு என்று கூப்பிட்டார்கள். படுக்கப்போகும் முன் இருவரும் மந்திரம் சொல்வார்கள். அவள் முதல் பாதி, அவன் மறுபாதி. பொறுக்கிற வரியில் மட்டும் அவன் தினமும் சிக்கிக்கொள்வான். அந்தப் பிஞ்சு வாய்க்குள் அந்த வார்த்தை அடங்கவில்லை. "செய்தவர்களை, செய்தவர்களை" என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்தபடி அவள் முகத்தையே பார்ப்பான். அவள் அவன் தாடையைப் பிடித்து மீதியை எடுத்துக் கொடுப்பாள். அவன் அதை அப்படியே ஒப்பித்துவிட்டுத் தூங்கிப்போவான்.

அவளுக்குக் கல்யாணமானபோது வாலும் சீதனம்போல் கூடவே வந்தது. கணவர் ரொட்டிக் கூடத்தில் மாவு பிசைகிறவர். மாவுக்காரர் என்றால்தான் யாருக்கும் தெரியும். மச்சினனை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டு, அதே கூடத்தில் அடுப்பு வேலையில் சேர்த்துவிட்டார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அவனே பிள்ளையாக இருந்தான். பிறகு அவனுக்கும் ஒருத்தியைப் பார்த்துக் கட்டிவைத்து, இரண்டு தெரு தள்ளிக் குடிவைத்தார்கள்.

ரொட்டிக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாவு பிசைகிற இயந்திரம் ஆளுயரத் தொட்டி. அடியில் ஒட்டிய மாவைச் சுரண்ட வேண்டுமென்றால் சுவிட்சை அணைத்துவிட்டு, தலையில் இருக்கும் தொப்பியைக் கழற்றி அந்தச் சுவிட்சின் கைப்பிடியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே குனிய வேண்டும். தொப்பி தொங்கினால் யாருடைய உடம்போ உள்ளே இருக்கிறது என்று பொருள். யாரும் தொட மாட்டார்கள்.

மாவுக்காரர் மறதிக்காரர். சுரண்டி முடித்துவிட்டுத் தொப்பியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். "என்ன, தலைக்கு வெள்ளையடிச்சுக்கிட்டு வந்திருக்கீங்க?" என்பாள் அவள். "தொப்பி அங்க காவல் இருக்கு" என்று சிரிப்பார். அவள் தம்பியைத்தான் திட்டுவாள். "ஏண்டா வாலு, அந்த மனுஷன்தான் மறந்துட்டு வர்றார்னா நீ எடுத்துட்டு வரக் கூடாதா? தொப்பி வீட்டுக்கு வந்தாத்தானே துவைச்சுப் போட முடியும்!" அதிலிருந்து சுவிட்சில் தொப்பி தொங்கினால் எடுத்துப் பையில் திணித்துக்கொள்வது அவனுக்குப் பழக்கமானது.

ஒரு காலையில் அவன் வந்தபோது இயந்திரம் ஓசையின்றி நின்றது. ஆள் யாரும் கண்ணில் படவில்லை. தொப்பி தொங்கியது. அவன் வழக்கம்போல் சிரித்துக்கொண்டே அதை எடுத்துப் பையில் வைத்தான். அடுத்த மாவுக்கு நேரமாகிவிட்டதென்று சுவிட்சைப் போட்டான். மாவுக்காரர் தொட்டியின் மறுபக்கம் பலகைமேல் ஏறி, உள்ளே இடுப்புவரை குனிந்திருந்தார்.

அதற்குமேல் சொல்ல எனக்கும் தெம்பில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அவர் உயிர் போயிற்று.

விசாரணைக்கு வந்த அதிகாரி அவளைக் கேட்டார். "உங்க வீட்டுக்காரர் அடிக்கடி தொப்பிய மறந்துட்டுப் போவார்னு உங்க தம்பி சொல்றார். உண்மையாம்மா?" தம்பி பக்கத்தில்தான் நின்றிருந்தான். அவன் சட்டைப் பையில் அந்தத் தொப்பியின் நுனி தெரிந்தது. அவளுக்கு ரத்தம் கொதித்தது.

"ஒருநாளும் கிடையாது. என் வீட்டுக்காரர் தொப்பிய மறந்ததே இல்ல."

வாலு அவளைப் பார்த்தான். வாயைத் திறந்தபடி, சின்ன வயதில் பார்ப்பானே, அதே பார்வை. பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பி, "அக்கா சொல்றது சரிதாங்க. நான்தான் பாக்காம போட்டுட்டேன்" என்றான். கொஞ்ச காலம் உள்ளே இருந்துவிட்டு வந்தான். ரொட்டிக் கூடத்துப் பக்கம் பிறகு போகவில்லை. ஒரு கிடங்கில் காவலுக்கு உட்கார்ந்தான். பூசையில் கடைசி வரிசையில் நிற்பான். முடிகிற மணி அடிக்கும் முன் போய்விடுவான். அக்காவும் தம்பியும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. மாதா சுரூபம் அந்தப் பகுதியில் ஏறி இறங்காத வீடு அவன் வீடு ஒன்றுதான்.

அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது. சூடான உருளைகளுக்கிடையே நசுங்கி ஆவி பறக்க வெளியே வருகிற பெட்ஷீட்டுகளை இரண்டு பேர் ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து மடிக்க வேண்டும். சூட்டில் விரல் நுனிகள் தேய்ந்து மழமழவென்று ஆகிவிட்டன. அதனால்தான் மணி நழுவுகிறது என்று கேட்பவர்களுக்குச் சொல்லிக்கொள்வாள். மாதாவிடம் மட்டும் பொய் சொல்ல முடியவில்லை. பெட்டி அவள் வீட்டில் தங்குகிற வாரங்களில் கண்ணாடிக்கு முன் உட்கார்ந்து சண்டை பிடிப்பாள். "உன் மகனைக் கொன்னவங்க யாரோ வெளியாளுங்க தாயே. என் புருஷனைக் கொன்னவன் நான் இடுப்புல தூக்கி வளர்த்தவன். உனக்கும் எனக்கும் என்ன பேச்சு?" என்பாள். பேசி முடித்ததும், அவன் உள்ளே போனதற்குத் தன் பொய்யும் ஒரு காரணம் என்பது வந்து நெஞ்சில் உட்காரும். அதை மாதாவிடமும் சொன்னதில்லை. செபம் வறண்டு பல வருஷம் ஆகியிருந்தது. கடவுள் இருக்கிறார் என்பதில் சந்தேகமில்லை; தன் பக்கம் திரும்ப மாட்டார் என்பதிலும் சந்தேகமில்லை. அந்த இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு ஒருத்தி தினமும் எழுந்து வேலைக்குப் போவது லேசான காரியமல்ல.

ஒரு மதியம் சலவைக்கூட வாசலில் தம்பி மனைவி வந்து நின்றாள். இத்தனை வருஷத்தில் அவள் வந்தது அதுவே முதல் தடவை.

"அண்ணி, அவருக்குப் பக்கவாதம் வந்திருச்சு. வலப்பக்கம் முழுக்கப் போச்சு, பேச்சும் போச்சு. இனி வீட்லயே வச்சுப் பாத்துக்கங்கன்னு டாக்டர் சொல்லிட்டார்."

அக்கா கையிலிருந்த துணியை மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள்.

"கையில மணி உருட்டற மாதிரி காட்டிக்கிட்டே இருக்கார். மாதா வீட்டுக்கு வரணுமாம்."

"அடுத்த வாரத்துக்கு வேற வீட்ல சொல்லியாச்சு" என்றாள் அக்கா.

தம்பி மனைவி சட்டென்று போய்விடவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. "நீங்க வர வேண்டாம் அண்ணி. மாதா மட்டும் வரட்டும். உங்களுக்கு ஒண்ணு தெரியுமா? அன்னையிலருந்து அவர் ஒரு சுவிட்சைத் தொட்டதில்ல. விளக்கு, ஃபேன், எதையுமே. நான் வெளிய போய் வர நேரமாயிட்டா இருட்டுலயே உக்காந்திருப்பார். காவல் வேலைக்குப் போன இடத்துலயும் அடுத்தவங்கதான் விளக்கு போடணும். ஆளுங்க கிண்டல் பண்ணுவாங்க. சிரிச்சுக்குவார்."

அவள் போன பிறகு அக்கா பாதி விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மறுமுனையைப் பிடித்திருந்தவள், "என்னக்கா, கனவா? முனையக் குடுங்க" என்று அதட்ட வேண்டியிருந்தது. பாவம் என்று தோன்றவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. இவ்வளவு கேட்டும் இளகாத மனசு இனி எதற்கு இளகப்போகிறது?

ஆனாலும் சொல்லிவைத்த வீட்டைத் தள்ளிவைத்துவிட்டு, பெட்டியை அவளே தம்பி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். வேறு யாரிடமும் கொடுக்க மனம் வரவில்லை. அதற்குப் பெயர் அன்பு அல்ல, வீம்பு. ஆண்டவர் சில நேரம் நம் வீம்பையும் பிடித்து இழுத்துக்கொண்டு போவார்போல. சாயங்காலம் தெருவே பின்னால் வந்தது. என்ன நடக்கப்போகிறது என்று பார்க்கிற ஆவலில் தையல்காரி முதல் ஆளாக வந்திருந்தாள்.

ஒரே அறை. சுவரோரம் இரும்புக் கட்டில். கட்டிலுக்கு அடியில் வாளி, பக்கத்து முக்காலியில் மருந்துப் புட்டியும் ஈரத்துணியும். கட்டிலில் கிடந்தவனை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, தலை நரைத்து, அவளைவிடக் கிழவனாக இருந்தான். அவளைப் பார்த்ததும் இடது கை மட்டும் மெத்தையில் துடித்தது. அவள் பார்க்காதவள்போல் பெட்டியை முக்காலியில் வைத்து, மெழுகுவத்தி ஏற்றி, மண்டியிட்டாள்.

பரலோக மந்திரத்தின் முதல் பாதியைச் சொன்னாள். குரல் எப்போதும்போல் கணீரென்று வந்தது. கூட்டம் மறுபாதியைத் தொடங்கியது. அப்போது கட்டிலிலிருந்து இன்னொரு குரல் எழுந்தது. தண்ணீர் என்று கேட்கத் தெரியாதவன், மனைவியின் பெயர் வராதவன், மறுபாதியைச் சொல்லிக்கொண்டிருந்தான். குழறல்தான், ஆனால் வார்த்தைகள் தெளிவாக இருந்தன. அவன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். மற்றவர்கள் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள். அவன் குரல் மட்டும் அன்றாட உணவைக் கேட்டுவிட்டு மெதுவாக நகர்ந்து வந்தது.

"எங்களுக்குத் தீமை செய்தவர்களை..."

நின்றது.

"செய்தவர்களை... செய்தவர்களை..."

அதற்குமேல் வரவில்லை. வாயைத் திறந்தபடி அக்காவின் முகத்தைப் பார்த்தான்.

அக்கா கண்ணைப் பெட்டியின் பக்கம் திருப்பிக்கொண்டு, அடுத்த மணிக்குத் தாவி, அருள் நிறைந்த மந்திரத்தைத் தொடங்கினாள். கூட்டம் பதில் சொல்லவில்லை. கட்டிலில் அவன், "செய்தவர்களை, செய்தவர்களை" என்று அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தான். கடைவாயில் எச்சில் வழிந்தது. கண்ணிலும் வழிந்தது. எடுத்துக் கொடுக்க அவள் வருவாள் என்று அவன் காத்திருந்தான். அந்தப் பார்வையில் மன்னிப்புக் கேட்கிற தோரணைகூட இல்லை. வார்த்தை வராத குழந்தை, வார்த்தை தெரிந்தவளைப் பார்க்கிற பார்வை, அவ்வளவுதான்.

அக்கா எழுந்தாள். கட்டிலில் உட்கார்ந்தாள். மழமழத்த விரல்களால் அவன் தாடையைப் பிடித்தாள்.

"நாங்கள்..." என்றாள். மறுபடி முயன்றாள். "நாங்கள் பொறுப்பது போல."

"நாங்கள் பொறுப்பது போல" என்றான் அவன்.

மீதி வரியை இருவரும் சேர்ந்து சொன்னார்கள். எங்கள் பாவங்களை என்ற இடத்தில் அவள் குரல் உடைந்து ஒன்றும் கேட்கவில்லை. அவன் மட்டும் சொல்லி முடித்தான்.

மனசு லேசாகவில்லை. வானம் திறக்கவில்லை. மாவுக்காரர் அந்தத் தொட்டிக்குள் குனிந்தபடிதான் இருந்தார். சொன்னது வாயளவுதான் ஆண்டவரே, என்று அவள் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள். மனசு பின்னால வருமா வராதான்னு எனக்குத் தெரியல. என்னால ஆனது இவ்வளவுதான். மிச்சத்தை நீங்க பாத்துக்குங்க. இத்தனை வருஷத்தில் அவள் அவரிடம் எதையும் விட்டுக்கொடுத்தது அதுவே முதல் தடவை.

பிறகு அத்தனை பேர் முன்னாலும் வாய்விட்டே சொன்னாள். "அவர் மறந்துட்டுத்தான்டா வருவார். தினமும் மறந்துட்டுத்தான் வருவார். எடுத்துட்டு வாடான்னு உன்னைச் சொன்னதே நான்தான். அதிகாரிகிட்ட நான் பொய் சொன்னேன்."

தையல்காரி தலையைக் குனிந்துகொண்டாள். வாலுவின் இடது கை தேடித் தேடி வந்து அக்காவின் முழங்கையைப் பற்றிக்கொண்டது.

அன்று ஐந்து பத்துமணியையும் தையல்காரிதான் நடத்தினாள். அக்கா கட்டிலை விட்டு இறங்காமல் மறுபாதியைச் சொன்னாள். ஒவ்வொரு பத்துமணிக்கும் அந்த வரி வந்தது. ஒவ்வொரு தடவையும் அவன் அங்கே நின்றான், அவள் எடுத்துக் கொடுத்தாள். கடைசித் தடவைகூட அது முதல் தடவைபோலவே கசந்தது.

கூட்டம் கலைந்தபோது வெளியே வெளிச்சம் மங்கிவிட்டது. தம்பி மனைவி வழியனுப்ப வாசலுக்குப் போயிருந்தாள். அறை இருட்டிக்கொண்டு வந்தது. சுவிட்ச் கட்டிலின் தலைமாட்டில், கை எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அக்கா அவன் இடது கையை எடுத்து, ஆள்காட்டி விரலைப் பிடித்து, சுவிட்சின் மேல் வைத்தாள். அவன் கையை இழுக்கப் பார்த்தான். அவள் விடவில்லை. தன் விரலை அவன் விரல்மேல் வைத்து அழுத்தினாள்.

விளக்கு எரிந்தது. அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, எங்கிருந்தோ ஓர் அலறல் வரப்போகிறது என்பதுபோல் காதைத் தோளில் புதைத்துக்கொண்டான்.

"ஒண்ணும் ஆகலடா வாலு" என்றாள் அக்கா. "ஒண்ணும் ஆகல. கண்ணைத் திற."

அவன் நெடுநேரம் திறக்கவில்லை. அவள் அவன் விரலைச் சுவிட்சிலிருந்து எடுக்காமல் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.